2 அங்குலம் தூக்கியும் டயர் உரசியது ஏன்: வெல்லாவெளி வட்டைக்கு ஓடும் ஒரு ஹைலக்ஸ்

மச்சானின் கெப் என் கராஜுக்குள் வந்து நின்றபோது முதலில் கண்ணில் பட்டது அதன் உயரம் இல்லை, முன் வலது டயரின் வெளித் தோளில் வரிசையாகச் சீவப்பட்டிருந்த ரப்பர்க் கட்டைகள்தான். புது டயர், 3,000 கிலோமீற்றர்கூட ஓடியிருக்காது. ஒவ்வொரு கட்டையின் ஓரமும் ஒரே சாய்வில், கத்தியால் கத்தரிக்காய் சீவினதுபோல் போயிருந்தது. குனிந்து மட்கார்டுக்குள் கையை விட்டேன், விரலில் கறுப்பு ரப்பர்த் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் தடவினால், கெபினின் முன்சுவரும் அடித்தளமும் சேர்ந்து வெல்ட் ஆகியிருக்கும் தகட்டு விளிம்பு பெயிண்ட் போய் வெள்ளிக் காசு மாதிரி மினுங்கியது.

"கிறுகக்குள்ள கரகரெண்டு சத்தம் வருது மச்சான். முதல் கொஞ்சமாத்தான் வந்த. இன்னும் ஒரு அங்குலம் தூக்கினா சரியாகும் எண்டாங்க, தூக்கின, இப்ப முந்தினத விடக் கூட."

இந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். டயர் உரசினால் வண்டியைத் தூக்கு என்பதை எங்கள் பக்கம் கராஜ்காரரே சொல்கிறார்கள், அதைக் கேட்டுக் காசைக் கொட்டியவர்கள் களுவாஞ்சிகுடியிலிருந்து பொத்துவில் வரை இருக்கிறார்கள். தூக்கினால் உயரம் கிடைக்கும், அவ்வளவுதான். டயருக்கு இடம் கிடைக்குமா என்பது வேறு கணக்கு, அந்தக் கணக்கை டயர் வாங்க முதலே போட்டிருந்தால் என் மச்சானின் புது டயர் இப்படிச் சீவுப்பட்டிருக்காது.

சரி, வண்டியின் விபரத்தைச் சொல்லிவிடுகிறேன். டொயோட்டா ஹைலக்ஸ் விகோ, டபுள் கெப், நாலு சக்கர இழுவை. முன்பக்கம் மேல் ஆம், கீழ் ஆம் என்று சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கைகள், நடுவில் சுருள் ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்த கட்டு. பின்பக்கம் அச்சும் தகட்டு ஸ்பிரிங்கும். வண்டியோடு வந்தது 255/70 ஆர் 15 டயர், 7 அங்குல அகல ரிம், ஓஃப்செட் +30 (ஓஃப்செட் என்ன என்பதைக் கணக்கில் சொல்கிறேன்). மச்சானுக்கு வெல்லாவெளிக்கு அங்கால், நவகிரிக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டையில், அதாவது வயல்வெளியில், வேளாண்மை. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து தார் ரோட்டில் போகும்வரை எந்த வண்டியும் போகும். அதற்குப் பிறகு வாய்க்கால் கட்டு, வண்டில் பாதை, மாரி தொடங்கினால் முழங்கால் புதையும் களி. பெரும்போகத்துக்கு விதைநெல்லும் பசளையும் ஏற்றிக்கொண்டு அதில் போய்த் திரும்ப வேண்டும், இருட்டினால் யானை வேறு. அதனால் அவன் வண்டியைத் தூக்க நினைத்ததில் எந்தப் பிழையும் இல்லை. தேவை உண்மையான தேவை.

ஆவணி மாதம் வெளியூர்க் கடை ஒன்றில் வேலை முடித்திருக்கிறான். முன்னுக்கு உயரமான ஸ்பிரிங்கும் புது ஷொக்கும், பின்னுக்கு வளைவு கூடிய தகடுகள், ஆக 50 மில்லிமீற்றர் உயர்வு. கூடவே 265/75 ஆர் 16 சேற்று டயர், 8 அங்குல அகல அலோய் ரிம், ஓஃப்செட் பூச்சியம். ஊருக்கு வரும் வழியிலேயே பெற்றோல் நிலையத்தில் ஸ்டியரிங்கை முழுதாகக் கிறுக்கி, அதாவது திருப்பி, எடுத்தபோது முதல் சத்தம். அந்தக் கடையில் கேட்டதற்கு, ஓட ஓட டயர் தன் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார்கள். எடுத்தது, தகட்டிலிருந்து. இரண்டு கிழமை கழித்து இன்னொரு இடத்தில் மட்ஃப்ளாப்பை வெட்டி, ஷொக் கட்டின் தலையில் 12 மில்லிமீற்றர் தகடு ஒன்றை வைத்து மறுபடியும் தூக்கினார்கள். ஷொக் கட்டு கீழ் ஆமின் ஏறத்தாழ நடுவில் பிடிக்கிறது, ஆகவே தலையில் 12 வைத்தால் சக்கரத்தில் அதன் இரண்டு மடங்கு, கிட்டத்தட்ட 25 மில்லிமீற்றர் உயரும். நின்ற நிலையில் பார்க்க டயருக்கு மேலே கை போகிற இடைவெளி. ஆனால் உரசல் கூடிவிட்டது.

முதலில் சுண்ணாம்பு

எந்த இடத்தில் உரசுகிறது என்று தெரியாமல் எதையும் கழற்றக்கூடாது. கண்ணால் பார்த்தால் பழைய உரசலும் புது உரசலும் கலந்து தெரியும். எனக்கு வேலை பழக்கிய பாஸ் காட்டித்தந்த வழி ஒன்று: வெற்றிலைக்குப் பூசுகிற சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மட்கார்டின் உள் பிளாஸ்டிக், கெபின் விளிம்பு, கெபினைச் செசியில் தாங்கும் பிடிமானம், பம்பரின் உள்மூலை, மேல் ஆம், இத்தனைக்கும் தூரிகையால் பூசி, பத்து நிமிடம் காயவிட வேண்டும். பிறகு வளவுக்குள் முன்னுக்கும் பின்னுக்கும், இரண்டு பக்கமும் முழுதாகக் கிறுக்கி ஓட்ட வேண்டும். பின்னுக்கு எடுப்பதை விடக்கூடாது, ஏனென்றால் அப்போது ஆம்களின் ரப்பர் புஷ்கள் எதிர்த்திசையில் அமுங்கிச் சக்கரம் முன்னே போகும்போது தொடாத இடத்தையும் தொடும்.

மச்சான் ஸ்டியரிங்கில், நான் கீழே. வலப்பக்கம் முழுதாகக் கிறுக்கினால் வலது சக்கரத்தின் பின்புறம் கெபின் விளிம்பில் ஒரு உள்ளங்கை நீளத்துக்குச் சுண்ணாம்பைத் துடைத்து எடுத்தது. இடது சக்கரமும் அப்படித்தான், கொஞ்சம் குறைவு. பம்பர் மூலையில் இலேசான கீறல். மேல் ஆமில் சுண்ணாம்பு கலையவே இல்லை. மட்கார்டின் மேல் வளைவிலும் இல்லை.

அதாவது டயருக்குக் குறைந்த இடம் பின்னால். இரண்டு தடவை காசு கொடுத்து இடம் எடுத்தது மேலே. நிலத்தில் நிற்கும் வண்டியில் மேலே எவ்வளவு தூக்கினாலும் கெபின் சுவர் பின்னுக்குத் தள்ளிப் போகாது. இதை மச்சானுக்குச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டது, அவன் சுண்ணாம்பைப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை.

கணக்கு

பழைய டயரின் உயரம்: 255இல் 70 வீதம் 178.5, இரண்டு பக்கமும் 357, ரிம் 15 அங்குலம் 381, மொத்தம் 738 மில்லிமீற்றர். புதிது: 265இல் 75 வீதம் 198.75, இரண்டு பக்கமும் 397.5, ரிம் 406.4, மொத்தம் 804. விட்டத்தில் 66 கூட, ஆரையில் 33. அச்சு மையத்திலிருந்து டயர் எல்லாப் பக்கமும் 33 மில்லிமீற்றர் வளர்ந்திருக்கிறது, மேலே மட்டும் இல்லை, முன்னும் பின்னும்.

50 தூக்கினோமே என்றால், நின்ற நிலையில் மேலே கிடைத்தது 50இல் 33 போக 17 மில்லிமீற்றர். அதுவும் நிற்கும்போதுதான். பள்ளத்தில் விழுந்து ஆம் மேலேறி, அதற்குமேல் ஏறவிடாமல் நிறுத்தும் பம்ப் ஸ்டொப் ரப்பரில் முட்டும்போது ஸ்பிரிங் கொடுத்த 50 முழுவதும் தீர்ந்துவிடும், ஏனென்றால் பம்ப் ஸ்டொப் கம்பனி வைத்த இடத்திலேயே இருக்கிறது. அந்த நொடியில் டயருக்கு மேல் உள்ள இடம் முன்பு இருந்ததைவிட 33 மில்லிமீற்றர் குறைவு. தூக்காத வண்டியில் இந்த டயரைப் போட்டால் என்ன இடமோ, தூக்கின வண்டியிலும் கடைசியில் அதே இடம்தான்.

இனி ரிம். ஓஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு வெளியே இருக்கிறது என்ற அளவு. +30இலிருந்து பூச்சியத்துக்கு வந்தால் டயர் முழுவதும் 30 மில்லிமீற்றர் வெளியே தள்ளப்படும். டயர் 10 அகலம் கூடினதால் இன்னும் 5 சேர்ந்து, டயரின் வெளித் தோள் 35 மில்லிமீற்றர் வெளியே போய்விட்டது. பார்க்க அகலக் கால் ஊன்றி நிற்கிற மாதிரி இருக்கும், எனக்கும் அந்தத் தோற்றம் பிடிக்கும். ஆனால் சக்கரம் கிறுகுவது தன் நடுவில் இல்லை, மேல், கீழ் ஆம்களின் நுனியில் சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு போல் ஜொயின்டையும் இணைக்கிற கோட்டில். அந்தக் கோட்டிலிருந்து டயர் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறதோ அவ்வளவு பெரிய வட்டத்தில் வீசும். கதவு மாதிரிதான், பிணைச்சலிலிருந்து தூரம் கூடக் கூட விளிம்பு கடக்கிற இடமும் கூடும்.

வலப்பக்கம் கிறுக்கும்போது வலது சக்கரம் 35 பாகை திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், டயரின் ஆரை கூடினதால் பின்னுக்குப் போவது 33ஐ கோசைன் 35ஆல் பெருக்க 27 மில்லிமீற்றர். வெளியே தள்ளினதால் பின்னுக்குப் போவது 35ஐ சைன் 35ஆல் பெருக்க 20 மில்லிமீற்றர். ஆக வெளித் தோள் பழைய டயரைவிட 47 மில்லிமீற்றர் பின்னால் போய் நிற்கும். பழைய சக்கரத்தை மச்சான் வீட்டு ஒத்தாப்பிலிருந்து எடுத்துவரச் சொல்லி, மாட்டி, முழுதாகக் கிறுக்கி அளந்தேன். விளிம்புக்கும் டயருக்கும் 32 மில்லிமீற்றர். 32இல் 47 போகாது. 15 குறைகிறது. கட்டைகள் சீவுப்பட்ட ஆழமும் விளிம்பு உள்ளே அமுங்கியிருந்த அளவும் அதோடு ஒத்துவந்தது.

பாருங்கள், 47இல் 20 வெறும் ரிம்மாலும் 5 மில்லிமீற்றர் அகலத்தாலும் வந்தது. அதே டயரைப் பழைய ஓஃப்செட்டில் போட்டிருந்தால் 30தான் வந்திருக்கும், 32க்குள் உரசாமல் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். ரிம் விற்றவர் ஓஃப்செட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதில் எனக்கு உண்மையில் கோபம்.

மீதி எங்கே போனது

32 என்ற அந்த அளவே எனக்குக் குறைவாகப் பட்டது. கராஜுக்கு வருகிற மற்ற விகோக்களில் கம்பனி டயரில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடம் இருக்கும். சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்காமல் பின்னுக்கு ஒதுங்கி நிற்பதும் பக்கத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது. கல்முனையில் அலைன்மென்ட் பார்க்கிற நானா ஒருவரிடம் கொண்டுபோனோம். நிதானமான மனிதர், மெஷின் காட்டுகிற எண்ணைச் சொல்லிவிட்டு எழும்பிப் போகிறவர் இல்லை, வண்டிக்குக் கீழே போய்ப் பார்ப்பார்.

"தம்பி, கேம் போல்ட்டு நாலும் கடைசி வரைக்கும் கிறுகிட்டு. இதுக்கு மேல போகாது. கேம்பர நேராக்கிறதுக்கு இருந்த எல்லாத்தையும் குடுத்து முடிச்சிட்டாங்க. காஸ்டர் ஒரு பாகைதான் நிக்குது."

கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் நிமிர்வு, காஸ்டர் என்பது பக்கத்திலிருந்து பார்க்கும்போது போல் ஜொயின்டுகளின் கோடு பின்னுக்குச் சாயும் அளவு, கேம் போல்ட் என்பது கிறுக்கினால் கீழ் ஆமை நகர்த்தும் போல்ட். இதை விளங்கிக்கொண்டால் ஏன் இரண்டாவது தடவை தூக்கியதும் உரசல் கூடியது என்பதும் விளங்கும். வண்டி உயர உயர ஆம்கள் கீழ்நோக்கிச் சரியும், இரண்டு ஆமும் நீளத்தில் வேறு என்பதால் சக்கரத்தின் நிமிர்வு மாறும், காஸ்டர் குறையும். விகோவில் இரண்டையும் சரிப்படுத்த இருப்பது கீழ் ஆமின் கேம் போல்ட்டுகள் மட்டும்தான். தூக்கினது கூடக்கூட அந்தப் போல்ட்டுகளின் முழு வீச்சும் கேம்பருக்கே போய்விடும். காஸ்டருக்காகக் கீழ் போல் ஜொயின்டை முன்னுக்குத் தள்ள இடமே இருக்காது. கீழ் போல் ஜொயின்ட் பின்னால் நின்றால் சக்கரம் முழுவதும் பின்னால் நிற்கும், பின்னால்தான் கெபின் விளிம்பு. மேலே இடம் எடுக்கப்போய்ப் பின்னால் இருந்த கொஞ்சத்தையும் கொடுத்திருக்கிறார்கள்.

காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. மச்சானிடம் கேட்டேன், வளைவு முடிந்ததும் வண்டி தானாக நேராகிறதா என்று. இல்லையாம், கையால் இழுத்துத்தான் எடுக்கிறானாம், புது டயர் பாரம் என்று நினைத்திருக்கிறான். ஏ4 வீதியில் 80இல் போகும்போது வண்டி அலைகிற மாதிரி இருக்கும் என்றும் சொன்னான். உரசல் சத்தத்தைவிட இது எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்பிரிங் இல்லாமல் ஒரு சோதனை

வளவுக்குள் சமதரையில் உரசாத இடம் வட்டைக்குள் உரசும். அதனால் செசிக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்து, ஷொக் கட்டை முழுசாக இறக்கினேன். தலையில் மூன்று நட், கீழே ஒரு போல்ட். நடுவில் உள்ள நட்டைத் தொடவே கூடாது, அது அமுக்கி வைத்த ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது, கழன்றால் ஆளைக் கொன்றுவிடும். ஸ்டெபிலைசர் லிங்கையும் கழற்றிவிட்டுச் சக்கரத்தை மாட்டி, கீழ் ஆமுக்கு ஜக் கொடுத்து பம்ப் ஸ்டொப் அமுங்கும்வரை ஏற்றினேன். ஓட்டத்தில் டயர் போகக்கூடிய கடைசி உயரம் இது. அதில் வைத்து ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகக் கிறுக்க, பாதி வழியில் டயர் உள் பிளாஸ்டிக்கின் முன்மேல் வளைவில் அமர்ந்தது. நேராக நின்றால் இலேசான இடைவெளி, கிறுகினால் இல்லை.

வேறொன்றும் தெரிந்தது. தலையில் வைத்த 12 மில்லிமீற்றர் தகட்டால் ஷொக் அவ்வளவு கீழே இறங்கி நிற்கிறது. நான் அளந்து பார்த்தபடி, பம்ப் ஸ்டொப் முட்டுவதற்கு முன்னாலேயே ஷொக்கின் தண்டு தன் அடியில் போய் முட்டியிருக்கும். ஒவ்வொரு பெரிய குழியிலும் அந்த அடியை ரப்பர் வாங்கவில்லை, ஷொக்கின் உடம்பு வாங்கியிருக்கிறது. மச்சானின் அதிர்ஷ்டம், இன்னும் எண்ணெய் கசியத் தொடங்கவில்லை. ஆம்கள் தொங்கும் நிலையில் முன் அச்சின் ஜொயின்டுகளும் தாங்கமுடியாத சாய்வில் இருந்தன, ரப்பர் உறைகளின் மடிப்புகள் ஒன்றோடொன்று தேயத் தொடங்கியிருந்தன.

செய்த வேலை

முதல் வேலை இறக்குவது. அந்தத் தகட்டை எடுத்து எறிந்து வண்டியை 50க்கே கொண்டுவந்தேன். மச்சானுக்கு மனம் வரவில்லை. "காசு குடுத்துத் தூக்கினத இறக்கச் சொல்லுறா?" என்று கேட்டான். அவனைக் கீழே கூப்பிட்டு அச்சின் ரப்பர் உறையைக் காட்டினேன். பிறகு கேட்கவில்லை.

அடுத்தது மேல் ஆம். தூக்கின வண்டிக்கென்று போல் ஜொயின்டின் இடம் மாற்றிச் செய்த மேல் ஆம்கள் கிடைக்கின்றன. அவை கேம்பரின் பாரத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், கீழ் கேம் போல்ட்டுகள் விடுபடும். அவற்றைப் போட்டு, நானாவிடம் திரும்பப் போய், கீழ் ஆமை முன்னுக்குத் தள்ளிக் காஸ்டரை 3 பாகைக்குக் கிட்டக் கொண்டுவந்தோம். சக்கரம் 10 மில்லிமீற்றர் முன்னுக்கு வந்தது, ஒரு வெட்டும் இல்லாமல் ஒரு அடியும் இல்லாமல். இதை ஆவணியிலேயே செய்திருக்க வேண்டும்.

ரிம்மை மாற்றினோம். 16 அங்குலம், 7 அங்குல அகலம், ஓஃப்செட் +25. 265/75 டயருக்கு 7 அங்குல ரிம் போதும், அதற்கு அனுமதிக்கப்பட்ட அகலத்துக்குள் வருகிறது. இப்போது டயரின் உள் தோள் பழைய டயர் நின்ற அதே கோட்டில் நிற்கிறது, 5 ஓஃப்செட்டில் வெளியே, 5 அகலத்தில் உள்ளே. வெளித் தோள் 10 மட்டும் வெளியே. மேல் ஆமுக்கும் டயருக்கும் விரல் போகிற இடம் இருக்கிறது. பூச்சியத்திலிருந்து 25 உள்ளே வந்ததில் பின்பக்கம் கிடைத்தது 14 மில்லிமீற்றர். குறைவு 15, அலைன்மென்டில் 10, ரிம்மில் 14, ஆக 9 மில்லிமீற்றர் இடைவெளி. உரசல் நின்றது. தார் ரோட்டுக்காரனாக இருந்தால் இத்தோடு சாவியைக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

ஆனால் இவன் போவது வட்டைக்குள். மாரிக் களி டயரின் கட்டைகளுக்கு மேலே அப்பிக்கொண்டு ஒரு விரல் தடிப்புக்கு நிற்கும், அந்தச் சேற்றுக்குள் ஒரு கல் இருந்தால் அது உளிபோல வேலை செய்யும். எங்கள் நிலத்துக்கு 20 மில்லிமீற்றருக்குக் குறைவான இடத்தை நான் இடமென்று எண்ணுவதில்லை. அதனால் கெபின் விளிம்பைப் படுக்க வைத்தேன். மேலே பூசியிருக்கும் சீலன்ட்டைச் சுரண்டி எடுத்து, இரண்டு இடத்தில் சின்ன வெட்டுக் கொடுத்து, சுத்தியலால் பின்னோக்கி மடித்து அடித்துச் சமப்படுத்தினால் 12 மில்லிமீற்றர் கிடைக்கும். வெல்ட் புள்ளிகளை உடைக்காமல் மடிக்க வேண்டும், அதுதான் பொறுமை கேட்கிற வேலை, ஒரு பக்கத்துக்கு எனக்கு அரை நாள் போனது. பிறகு துரு தடுக்கிற பிறைமர், சீலன்ட், அதன்மேல் வெள்ளைப் பெயிண்ட். வண்டி கறுப்பு, ஆனாலும் வெள்ளைதான் அடித்தேன், இனி டயர் எங்கே தொட்டாலும் ஒளித்துவைக்க முடியாது.

கெபின் பிடிமானத்தையே வெட்டிக் குறுக்கி வெல்ட் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னும் பெரிய டயர் போடுவதற்கு அது வழிதான், ஆனால் கெபினின் பாரம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது, குடும்பம் ஏறுகிற வண்டியில் தேவையில்லாமல் அதில் கைவைக்க என்னால் முடியாது. 804 மில்லிமீற்றர் டயருக்கு அது தேவையும் இல்லை.

பம்ப் ஸ்டொப்புக்கு அடியில் 12 மில்லிமீற்றர் தகடு ஒன்று வைத்தேன், உள் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி முன்மேல் வளைவில் டயரை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். தகடு என்றதும் மச்சான் என்னைப் பார்த்தான், இப்போதுதான் ஒன்றைக் கழற்றி எறிந்தாயே என்று. அது ஷொக்கின் தலையில் இருந்தது, ஷொக்கை அடிவாங்க வைத்தது. இது ஆமின் பயணத்தைக் கொஞ்சம் முன்னாலேயே ரப்பரில் நிறுத்துகிறது, ஷொக்கையும் காக்கிறது. மேலேறும் பயணத்தில் சிறிதளவு இழக்கிறோம், அதற்குப் பதிலாக டயர் மட்கார்டைக் கிழிக்காது.

யாரும் பார்க்காமல் விட்டவை

டயர் சத்தத்துக்காக வந்த வண்டியில் சத்தம் போடாத மூன்று பிழை இருந்தது. பின் அச்சுக்கு மேலே பிரேக் அழுத்தத்தைப் பாரத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு, ஒரு கம்பியால் அச்சோடு தொடுத்திருக்கும். பின்பக்கம் தூக்கினதும் செசிக்கும் அச்சுக்கும் தூரம் கூடிவிடும், வால்வு அதைப் பார்த்து வண்டியில் பாரமே இல்லை என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மச்சான் பத்துப் பதினைந்து மூட்டை ஏற்றிக்கொண்டு குளக்கட்டால் இறங்குகிறவன். பிடிமானத்தை உயர்த்தி வால்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். முன் பிரேக் ஹோஸ் சக்கரம் முழுதாகத் தொங்கிக் கிறுகிய நிலையில் விறைத்துப்போய் நின்றது, நீளமானதாக மாற்றினேன். தயவுசெய்து இந்த இரண்டையும் பார்க்காமல் தூக்கின வண்டியை யாரும் ரோட்டில் விடாதீர்கள்.

மூன்றாவது ஸ்பெயார் சக்கரம். அடியில் தொங்கியது இன்னும் பழைய 738. முன்னுக்குக் காற்றுப் போய் அதை மாட்டிக்கொண்டு களிக்குள் நாலு சக்கர இழுவையைப் போட்டால், முன்னும் பின்னும் வேறுவேறு வேகத்தில் சுற்றப் பார்த்து இடையில் உள்ள பற்சக்கரங்கள் முறுகிப்போகும். அதே அளவில் ஐந்தாவது டயர் வாங்கவைத்தேன். ஸ்பீடோமீற்றர் இப்போது 60 காட்டினால் வண்டி உண்மையில் 65 ஓடுகிறது, டயர் 9 வீதம் பெரிதானதன் கணக்கு அது. முன் விளக்குகளையும் கீழே இறக்கிவைத்தேன், எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரனின் கண்ணுக்கு நேரே அடித்துக்கொண்டிருந்தது.

மாரிக்குப் பிறகு

ஐப்பசி விதைப்புக்கு வண்டி வட்டைக்குள் போனது. கார்த்திகை, மார்கழி மழை முழுவதும் ஓடியது, இரண்டு தடவை அச்சு மட்டத்துக்குத் தண்ணீர். வேளாண்மை வெட்டு முடிந்து மாசிக் கடைசியில் வந்தான். முன் சக்கரம் இரண்டையும் கழற்றி, காய்ந்து கல்லாகிக் கிடந்த களியைக் கம்பியால் பெயர்த்து, தண்ணீர் அடித்துக் கழுவினோம். வலப்பக்க விளிம்பில் வெள்ளைப் பெயிண்ட் அப்படியே இருந்தது, சேற்றுக் கறை மட்டும். டயரின் கட்டைகளிலும் புதுச் சீவல் எதுவும் இல்லை.

இடப்பக்கத்தில் மடித்த விளிம்பின் கீழ் முனையில், மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

"எங்க தொட்டிருக்கும்?" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். வாய்க்கால் கட்டில் எதிரே உழவு மெஷின் வர, இடப்பக்கம் முழுதாகக் கிறுக்கிப் பின்னுக்கு எடுத்தானாம், பின்னால் நெல் மூட்டை, இடது முன் சக்கரம் வரம்பில் ஏறி நின்றதாம். பாரம், கிறுகல், பின்னோட்டம், களி, நாலும் ஒன்றாக வந்த ஒரே இடம் அது. சுத்தியலை எடுத்து அந்த முனையை இன்னும் 4 மில்லிமீற்றர் படுக்க வைத்து, மறுபடியும் வெள்ளை அடித்துக் கொடுத்தேன். சிறுபோகத்துக்குப் பிறகு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.